விலை கூடிய பைனாகுலர்

கடைக்காரப் பெண் விலையைச் சொன்னதும் என் முதலாளி சிஞ்ஞோர் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

வாங்க வேண்டும். எப்படியாவது இதை அவர் வாங்கிவிட வேண்டும்.

சனிக்கிழமை மறுபடியும் மலைக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறோம். புதருக்குள் இறங்கித் தடியால் தட்டிப் பன்றியைக் கலைப்பது நான். மேட்டில் நின்று பைனாகுலரில் பார்த்து, வருவது பன்றிதான் என்று தெரிந்த பிறகு சுடுவது சிஞ்ஞோர்.

போன சனிக்கிழமை அவர் சுட்டது என்னை.

குண்டு என் காதோரம் போய் மரத்தில் பாய்ந்தது. நான் செம்மஞ்சள் சட்டை போட்டிருந்தேன். எந்தப் பன்றி செம்மஞ்சள் சட்டை போடும்? பழைய பைனாகுலரில் பூஞ்சணம் பிடித்துவிட்டதாம். சிஞ்ஞோர் அதைத் திட்டித் தீர்த்தார். நானும் சேர்ந்து திட்டினேன்.

இனி வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வேலை அவர் தந்தது. நாங்கள் இருக்கும் அறை அவருடையது. இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி, பெர்மெஸ்ஸோ, அதைப் புதுப்பிக்க, இவன் என்னிடம் வேலை செய்கிறான் என்று கையெழுத்துப் போடுவதும் அவர்தான்.

காலையில் மனைவி கனகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "திறமான சாமானா வாங்கச் சொல்லுங்கோப்பா. பிள்ளையளுக்கு நீங்கள் முழுசா வேணும்."

அதனால்தான் அவரைப் பொலிதேயாமா தியேட்டருக்கு எதிரே இருக்கும் இந்தக் கடைக்குக் கூட்டிவந்தேன். முழங்கால் வலி என்று எங்கே போனாலும் என் தோளைப் பிடித்துத்தான் நடப்பார். வழி நெடுக, நல்லதாக வாங்குங்கள் என்று அவர் காதில் ஓதிக்கொண்டே வந்தேன்.

பெண் பைனாகுலரை அவர் கையில் கொடுத்தாள். சிஞ்ஞோரை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். எதிரே தியேட்டர் உச்சியில் வெண்கலக் குதிரைகள். பிறந்ததிலிருந்து அவர் பார்த்து வரும் குதிரைகள். பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"லிங்கோ, குதிரையின் பல்லைக்கூட எண்ணலாம்!"

சோதிலிங்கம் என்ற பெயர் அவர் வாயில் லிங்கோதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முருகா, காப்பாற்றிவிட்டாய்.

அப்போதுதான் கண்டேன். முன் கண்ணாடிகள் இரண்டிலும் கறுப்பு மூடி அப்படியே இருந்தது.

பெண்ணும் கண்டுவிட்டாள். சட்டென்று குனிந்து மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.

மறந்துபோயிருப்பார், வேறென்ன. என் நச்சரிப்புத் தாங்காமல் சும்மா சொல்லியிருப்பார். எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மெதுவாகக் கையை நீட்டி மூடிகளைக் கழற்றினேன். வெளியே நல்ல வெயில். வெளிச்சம் பட்டதும் அவர் திடுக்கிடுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிஞ்ஞோர் சிரித்தபடி பல்லை எண்ணிக்கொண்டே இருந்தார்.

பிறகு திரும்பி, யாருமே நிற்காத பக்கத்தைப் பார்த்து, இதையே கட்டித் தரச் சொன்னார்.