அவள் விட்டுப்போன கோலம்

அலாரத்தை அணைத்தேன். பல் தேய்த்தேன். பால் பாக்கெட்டுக்கு கேட்டில் பையை மாட்டினேன். வாளியில் தண்ணீர் பிடித்து, வாசலைப் பெருக்கித் தெளித்தேன்.

மார்கழியில் எங்கள் மயிலாப்பூர் தெரு முழுக்க இந்த நேரத்தில் இதே வேலைதான். மாமாக்கள் மங்கி குல்லாவுடன் நடக்கப் போவார்கள், மாமிகள் வாசலில் குனிந்திருப்பார்கள். குனிந்திருக்கும் ஆண் நான் ஒருவன்தான்.

"இன்னா சார், மேடம் ஊருக்குப் போய்க்கிறாங்களா? நீ குந்திகினு கோலம் போட்டுனுகிற?" பால் போடும் கபாலி சைக்கிளை நிறுத்திச் சிரித்தான். தெருவுக்குப் புதியவன்.

"ஆமா," என்றேன்.

"புள்ளியே கோணலா கீதே சார். மேடம் வந்து பாத்தா நேரா டைவர்ஸுதான்!"

பூசணிப்பூ விற்கும் தேவானை அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "வாய மூடு, கஸ்மாலம். அந்தப் பொண்ணு தீபாளி முடிஞ்ச வாரமே பூட்ச்சு. டெங்கு."

கபாலி பால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் பையில் வைத்தான். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனான்.

"மாப்ளே, அந்த வளைவு சரியில்லை. அழிச்சுட்டுப் போடுங்கோ." பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

மாமியார் பெயர் அபயாம்பாள். கும்பகோணத்திலிருந்து அவர் வந்து சேர்ந்தபோது ஜெயஸ்ரீ ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். அதன் பிறகு அவர் ஊருக்குத் திரும்பவில்லை. சாப்பிடவும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவரை எழுப்பவே முடியாமல், ஒரு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது.

மார்கழி பிறந்த அன்று அவராகவே எழுந்து வந்தார். கோலமாவு டப்பாவை என் முன்னால் வைத்தார். "என் கோலத்தை நிறுத்திடாதேங்கோன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. எனக்கு முட்டி மடங்காது. நீங்க போடுங்கோ."

அன்றிலிருந்து நான் போடுகிறேன், அவர் சொல்லித் தருகிறார். கோலம் முடிந்ததும் காபி குடிக்கிறார். அப்புறம் இரண்டு தோசையும் சாப்பிடுகிறார்.

போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திப் பேசவும் ஆரம்பித்துவிட்டார். "பாவாடை கட்டற வயசுல கையில மாவைக் குடுத்தேன். டிசம்பர் வந்தாப் போறும், அவளுக்கு வேற பொழுதுபோக்கே கிடையாது. ராத்திரி நான் வாட்ஸப்ல டிசைன் அனுப்புவேன், கார்த்தால போட்டோ வந்துடும். ஆபீஸ்ல எத்தனை வேலை இருந்தாலும் ஒரு நாள் தப்பினதில்லை."

இன்று தெருவில் கோலப் போட்டி. மாமியார் மடியில் கலர்ப்பொடி பாக்கெட்டுகள். அதைப் பார்த்ததும் எதிர்வீட்டு ஸ்வர்ணலதா மாமி கையில் இருந்த மாவை உதறிவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார்.

"அபயம், சொல்றேனேன்னு தப்பா நினைச்சுக்காதே. வெறும் இழைக் கோலம்னா போனாப் போறதுன்னு விட்டேன். துக்கம் நடந்து வருஷாப்திகம் ஆகாத ஆத்து வாசல்ல கலர்க் கோலமா? அதுவும் போட்டிக்கு! தெருவே பேசிண்டிருக்கு."

"பேசட்டும். என் பொண்ணோட கடைசி ஆசை இது."

"அவ சொன்னதை நீ எங்கேடி கேட்டே? நீ வந்ததே எல்லாம் முடிஞ்சப்புறம்தானே?"

மாமியார் நாற்காலியில் நிமிர்ந்தார். மடியிலிருந்த மஞ்சள் பொடி பாக்கெட் நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "மாப்ள கேட்டார்."

ஸ்வர்ணலதா மாமி என் பக்கம் திரும்பினார். "ஹரி, நீதானேடா அவ பக்கத்துல இருந்தே? உண்மையைச் சொல்லு. நிஜமாவே அப்படிச் சொன்னாளா?"

என் விரல் இடுக்கில் மாவு ஈரமாகியிருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாளியையும் டப்பாவையும் எடுத்து உள்ளே வைத்துவிடலாம். மாமியாரும் உள்ளே போய் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

அவர் கண் என் வாயிலேயே இருந்தது.

"சொன்னா மாமி," என்றேன். "அதைத்தான் கடைசியா சொன்னா."

ஸ்வர்ணலதா மாமி தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். "தள்ளிக்கோ. இந்த ஓரத்துக்கு நான் கலர் போடறேன். நீ போட்டா அடுத்த ஆத்து வாசலுக்குப் போயிடும்."

மாமியார் சிரித்தார். ஐஸ் பெட்டி வந்த நாளிலிருந்து இன்றுதான் முதல் தடவை. "பாத்தியா ஸ்வர்ணா, அவளுக்கு எத்தனை ஆசைன்னு," என்று சொல்லிவிட்டு, தேவானையிடம் பெரிய பூவாகப் பார்த்துப் பொறுக்கினார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த இழையை இழுத்தேன்.

அன்று ஆஸ்பத்திரியில், ஐ.சி.யு. கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சர் நின்றது. குணமாகி வீட்டுக்கு வந்தாலும் இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜெயஸ்ரீ என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். அந்த ஜுரத்திலும் அவள் முகத்தில் சிரிப்பு.

"அப்பாடா, இந்த மார்கழிக்குக் கோலம் போடாம தப்பிச்சேன். அம்மாகிட்ட நீதான் சொல்லணும்."