டிங்குவை யாரும் பார்க்கக்கூடாது

"டிங்கு குலைக்கிறப்ப யாரும் அது பக்கம் திரும்பவே கூடாது," என்று போன மாதம் வந்திருந்தபோது ஜீவராஜ் சொன்னான்.

"ஏசலாமா?" என்று கேட்டாள் லோஜினி.

"ஏசவும் கூடாது. ஏச்சுகூட அதுக்குக் கொஞ்சல்தான். வாய மூடிக்கிட்டு இருந்தா மட்டும் ஏதாச்சும் குடு."

"எத்தன நாளைக்கு?"

"அதுவா விடுற வரைக்கும். கவனிக்க ஆள் இல்லேன்னா எதுவும் தன்னால நின்னுரும், புள்ள."

போனில் ஏதோ வீடியோவில் பார்த்ததாம். அதைச் சொல்லும்போதும் அவன் கண் போனில்தான் இருந்தது.

அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் லோஜினியை விடவில்லை. ஈர விறகை ஊதும்போது வந்தது. பீலிக்கரையில் துணி அலசும்போது வந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டதும் அவன் கொட்டகலைக்கு இறங்கிக் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கட்டிய பை வாசலோரம் இருந்தது. லயத்து வீட்டின் தகரக் கூரையில் மழை விழுவதும் நிற்பதுமாக இருந்தது.

லோஜினி சோறு வைத்தாள். எழுந்து பருப்பு எடுத்து வந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து பொரித்த நெத்தலியை எடுத்து வந்தாள். உட்கார்ந்தும் கால் நிலைகொள்ளவில்லை.

ஜீவராஜின் வலது கை சோற்றில், இடது கை போனில். கொழும்பில் அவன் நிற்கும் ஹார்ட்வெயார் கடைக்கு ஞாயிறு, திங்கள் என்று எதுவும் கிடையாது. முதலாளி குரல்பதிவாக அனுப்பிக்கொண்டே இருப்பார்.

டிங்கு குலைத்தது.

அதைக் குட்டியாக ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தவனே அவன்தான். நான் இல்லாதப்ப ஒனக்குத் துணைக்கு என்று லோஜினியின் மடியில் விட்டான். இப்போது சாப்பிட உட்கார்ந்தாலே கூரையைப் பிய்க்கிற சத்தம்.

யாரும் டிங்குவைப் பார்க்கவில்லை. மாமியார் அம்மாக்கண்ணு சோற்றில் கல் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். ஜீவராஜ் நிமிர்ந்து லோஜினியைப் பார்த்தான். 'பாக்காத' என்று கண்ணாலேயே சொன்னான். அவள் 'இல்லை' என்று தலையாட்டினாள். அவன் லேசாகச் சிரித்துவிட்டுப் போனுக்குத் திரும்பினான்.

மறுபடி குலைத்தது. மறுபடி நிமிர்ந்தான். மறுபடி அதே கண்.

கூரையைத் தொடாத நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு இராமையா அண்ணனின் குரல் வந்தது. "என்னா ஜீவா, நாய்க்கு எல போடாமலா பந்தி நடக்குது?"

"அது படிக்குது அண்ணே!" என்று கத்தினான் ஜீவராஜ்.

"படிச்சு எந்த ஸ்கூலுக்கு டீச்சராப் போவப்போகுது?"

அம்மாக்கண்ணுவுக்குச் சிரிப்பில் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "நீ இல்லாத நாள்ல இது வாயே தொறக்காது தம்பி. ஒன்னக் கண்டாத்தான் இந்த ஆட்டம்."

"என் மேல அம்புட்டுப் பாசமாம்மா?"

"என்னத்தையோ."

மூன்றாவது தடவை குலைத்தபோது அவன் சிரிக்கவில்லை. முதலாளியின் குரல்பதிவு பாதியில் கேட்காமல் போயிருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டே சொன்னான்.

"அடுத்த தடவ நான் வாறப்பவும் இப்பிடியே குலைச்சா, பூண்டுலோயாவுல மாயாண்டி மாமாகிட்ட விட்டுருவோம். அவருக்குத் தோட்டக் காவலுக்கு நாய் வேணுமாம்."

லோஜினியின் கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்தது.

வீட்டில் எல்லாரும் சொன்ன பேச்சை ஒழுங்காகக் கேட்டார்கள். யாரும் டிங்குவைப் பார்க்கவில்லை. அதனால் டிங்கு எங்கே பார்க்கிறது என்பதையும் யாரும் பார்க்கவில்லை.

அது ஜீவராஜைப் பார்க்கவில்லை. சோற்றையும் பார்க்கவில்லை. லோஜினியின் சேலை மடிப்புக்குள் மறைந்திருந்த இடது கையைப் பார்த்தது.

அந்தக் கைக்குள் நெத்தலி இருந்தது. ஒரு குலைப்புக்கு ஒன்று. அவன் வருகிற நாட்களில் மட்டும்.

ஒவ்வொரு குலைப்புக்கும் அவன் ஒரு தடவை நிமிர்ந்தான். நிமிர்ந்தபோதெல்லாம் அவளைப் பார்த்தான்.

இந்த முறை அவள் விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

டிங்குவுக்குப் புரியவில்லை. முன்னைவிடச் சத்தமாகக் குலைத்தது. முன்னங்காலால் அவள் முழங்காலைப் பிறாண்டியது. சுற்றிச் சுற்றி வந்தது. அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை திறக்கவில்லை.

குலைப்பு முனகலானது. முனகலும் தேய்ந்து, டிங்கு தான் படுக்கும் சாக்கின் மேல் உட்கார்ந்தது. வாயை மூடிக்கொண்டது.

அப்போதுதான் லோஜினி கையைத் திறந்தாள். மிச்சமிருந்த நெத்தலி முழுவதும் அதற்கே.

"பாத்தியா?" என்றான் ஜீவராஜ், போனைத் தட்டிக்கொண்டே. "நான் சொன்னேன்ல, நின்னுரும்னு."

தலை நிமிரவில்லை.

வீடு அமைதியாக இருந்தது. அவன் சோற்றை மெல்லும் சத்தம் கேட்டது. போன் ஒளிர்வதும் அணைவதும் தெரிந்தது. இனி அந்தத் தலையை நிமிர்த்த வீட்டில் எதுவும் இல்லை. சோறு இன்னும் நாலு வாய்தான். அப்புறம் கை கழுவுவான், பையை எடுப்பான்.

கல்யாணம் முடிந்து அவன் முதல்தடவை பஸ் ஏறிய நாளில் தொண்டை வரை வந்த பேச்சு ஒன்று அவளிடம் இருந்தது. மாமி என்ன நினைப்பார், பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று ஒவ்வொரு தடவையும் விழுங்கியிருந்தாள்.

லோஜினி டிங்குவைப் பார்த்தாள். அது வாலை ஆட்டியது. குலைக்கவில்லை.

"என்னங்க," என்றாள். குரல் அவளே எதிர்பாராத அளவுக்குச் சத்தமாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இராமையா அண்ணனின் ரேடியோ சட்டென்று தணிந்தது.

"என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க."