எதிர்க் கவுண்டரில் கூட்டம்

கல்லூரிப் பையன் கண்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

"சூப்பரா இருக்குக்கா. இதுல அந்த ஃபுட்பால் கேம் வருமா?"

"இன்னும் வரலைங்க தம்பி."

"எங்க செட்டே அந்தப் பக்கம்தான் ஆடுது."

அவன் குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. போட்டிக் கம்பெனியின் எதிர்க் கவுண்டருக்குப் போய்க் கூட்டத்தோடு நின்றுகொண்டான்.

எஸ்தர் கண்ட்ரோலரைத் துடைத்து வைத்தாள். காலையிலிருந்து நின்ற கால் கடுத்தது. கோவை மாலின் இரண்டாம் தளத்தில் டிவியில் மாட்டி ஆடும் இந்த கேம் பெட்டியை விற்பது அவள் வேலை.

இந்த மாதம் ஒன்றுகூடப் போகவில்லை.

பெட்டியில் குறையில்லை. ஆடுவதற்கு ஆள் இல்லாத பெட்டிக்கு கேம் எதற்கு என்று, கேம் செய்கிற கம்பெனிகள் வருவதில்லை. கேம் இல்லாத பெட்டி எதற்கு என்று ஆடுகிறவர்கள் வருவதில்லை.

இதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருந்தாள்.

புது பேனர் அனுப்பினார்கள்.

மகள் கெசியா பள்ளியிலிருந்து வந்திருப்பாள். கவுண்டர் டிவியில் ஓடிய விளம்பரப் படத்தை நிறுத்திவிட்டு, எஸ்தர் படகு விளையாட்டைத் திறந்தாள்.

வீட்டிலும் இதே பெட்டிதான். ஊழியர்களுக்கு விலை குறைத்துக் கொடுத்தது. கெசியாவின் வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் எதிர்க் கவுண்டர் பெட்டியில் சேர்ந்து ஆடுகிறார்கள். மறுநாள் அதைப் பற்றியே பேசுகிறார்கள். கெசியா கேட்டுக்கொண்டிருப்பாள்.

அதனால் தினமும் அம்மா அவளோடு ஆட வருகிறாள். இங்கிருந்தபடியே, நெட் வழியாக.

திரையில் மஞ்சள் படகு கரையோரம் காத்துக்கொண்டிருந்தது.

"எஸ்தர்."

ஏரியா மேனேஜர் வரதன். கையில் ஹெல்மெட்.

அவள் பதறிப்போய்த் திரும்பினாள். அவர் திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பில்லாத முகம்.

"இன்னியோட கவுண்டரை எடுக்கச் சொல்லிட்டாங்கம்மா. உங்களுக்கு மிக்ஸி செக்‌ஷன்ல கேட்டிருக்கேன்."

"சரிங்க சார்."

"நல்ல பொருள்தான். ஏன்தான் போக மாட்டேங்குதோ."

அவர் டிவிக்குப் பின்னால் குனிந்து பிளக்கைத் தேடினார்.

"அம்மா."

டிவியிலிருந்து குரல்.

"இன்னிக்கு யாராச்சும் வாங்கினாங்களா?"

தினமும் கேட்பதுதான். கமிஷனை நினைத்துக் கேட்கிறாள் என்று எஸ்தர் எண்ணியிருந்தாள்.

"ஒருத்தர் வாங்கினாரு கண்ணு."

"நிஜமாவா?" குரல் துள்ளியது. "அப்ப அவங்க நம்மகூட ஆட வருவாங்களாம்மா?"

எஸ்தர் வரதனைப் பார்த்தாள்.

மஞ்சள் படகு தண்ணீரில் லேசாக ஆடியது.

வரதன் பிளக்கிலிருந்து கையை எடுத்தார். நிமிர்ந்தார். ஹெல்மெட்டைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு, இன்னொரு கண்ட்ரோலரை எடுத்தார்.

பிறகு, குழந்தைக்குக் கேட்காத குரலில், "துடுப்புக்கு எந்த பட்டன்மா?" என்றார்.