முதல் ரிங்

காசு கொடுத்து வாங்கின பொருளைப் பத்தி போன்ல ஒரு சந்தேகம் கேக்கறதுக்கு, வருஷா வருஷம் தனியாக் காசு கட்டுவீங்களா நீங்க?

லிங்கசாமி கட்ட மாட்டார்.

"பனியன் துணி ஓட்டற மெஷின்ல நூல் அறுந்தா, மெஷினை நிறுத்தறதுக்கு ஒரு எலக்ட்ரானிக் போர்டு. அந்தப் போர்டை டிசைன் பண்ண ஒரு கார் விலையில சாஃப்ட்வேர். அதுக்கு மேல சப்போர்ட்டுக்கு வேற காசா? போன வருஷம் நானே கூப்பிட்டேன். அரை மணி நேரம் பாட்டுப் போட்டானுங்க. பாட்டுக் கேக்க ஊட்ல ரேடியோ இல்லியா?"

"நல்ல நாளும் அதுவுமா அதே பேச்சுங்களாப்பா?" என்றாள் மகள் அனுப்ரியா. பனியன் கம்பெனிகளுக்கு நடுவே, ராயபுரத்தில் வீட்டு மாடியிலேயே ஆபீஸ். டிசைன் வேலை முழுக்க அவள்தான்.

அன்றைக்கு விஜயதசமி. சாயங்காலத்துக்குள் டிசைன் வரவில்லை என்றால் ஆர்டரை வேற ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பெருமாநல்லூர் பார்ட்டி சொல்லியாச்சு. அனுப்ரியா கம்ப்யூட்டரைப் போட்டாள். சாஃப்ட்வேர் திறக்கவில்லை. லைசென்ஸ் இல்லை என்றது.

லிங்கசாமிக்கு வேர்த்துவிட்டது.

"அவனுங்களக் கூப்புடு கண்ணு."

"பாட்டுக் கேக்கவா?"

"கூப்புடுங்கறேன்ல."

லீவு நாளில் எவன் எடுக்கப்போறான் என்று அவர் நினைத்து முடிப்பதற்குள், முதல் ரிங்கிலேயே ஒருத்தன் எடுத்தான். அனுப்ரியா ஸ்பீக்கரில் போட்டாள்.

"தரணீதரன் பேசறேனுங்க. பதறாதீங்க சார். கம்ப்யூட்டர்ல பென் டிரைவ் மாதிரி ஒண்ணு சொருகியிருக்கும். அதுதான் லைசென்ஸ் சாவி. உருவுங்க."

உருவினார்.

"நேத்து ஆயுத பூஜைல அதுக்குச் சந்தனம் வெச்சீங்களா?"

லிங்கசாமி முழித்தார். "கத்தரிக்கோல்ல இருந்து வண்டி வரைக்கும் எல்லாத்துக்கும் வெச்சேன். இதை மட்டும் உடறதா? சாவியாச்சுங்களே."

"வெச்சது தப்பில்லீங்க. அந்தச் சாவியோட வாய்க்குள்ள போயிக் காஞ்சிருக்கு. பித்தளைத் தட்டுல, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்துல, ரொம்பவே தாராளமாப் பூசியிருந்தீங்க. பல்லு வெளக்கற பிரஷ் புதுசு இருந்தா, தண்ணி படாம மெதுவாத் தேயுங்க."

தேய்த்தார். மஞ்சளாப் பொடி கொட்டியது. சொருகினதும் சாஃப்ட்வேர் திறந்துகொண்டது. சாயங்காலத்துக்குள் டிசைன் போய்ச் சேர்ந்தது. ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை.

காப்பி குடிக்கும்போதுதான் லிங்கசாமிக்கு உறைத்தது.

"ஏங்கண்ணு, எலுமிச்சம்பழம் வரைக்கும் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ரிமோட் சப்போர்ட்டுங்கப்பா," என்றாள் அனுப்ரியா, ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அடேங்கப்பா. எங்கியோ உக்காந்துட்டு நம்ம ஊட்டுப் பூஜைத் தட்டையே பாக்கறானே."

அந்த நிமிஷமே செல்லை எடுத்து, மூணு வருஷ சப்போர்ட்டுக்கும் சேர்த்துப் பணம் அனுப்பினார். அனுப்பிவிட்டு மகளைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார்:

"லீவு நாள்லயும் முதல் ரிங்குல எடுக்கறான். என்ன பொறுமை, என்ன மரியாதை. இப்பேர்ப்பட்ட பையனை எந்தக் காரணத்துக்கும் உட்டறக் கூடாது கண்ணு."

"சரிங்கப்பா," என்றாள் அனுப்ரியா.

மறுநாள் காலையில் தரணீதரன் தன் அப்பா அம்மாவோடு, பூவும் பழத்தட்டுமாக, அனுப்ரியாவைப் பெண் கேட்டு வந்தான்.