கீழேயிருந்து ஒரு தட்டல்

வெள்ளிக்கிழமைப் பின்னேரம். வளைகுடாவில், குதைபியாப் பகுதி ஃப்ளாட்டில் பாட்டுப் போடப்போன கணவன் சுஜந்தனின் கையைப் பிடித்து நிறுத்தினாள் வதனா.

"வேண்டாமப்பா. போன வெள்ளி நாங்கள் மூண்டு பேரும் ஆடேக்க, கீழ இருந்து தடியால தட்டினவை."

மகள் மேனுஜாவின் முகம் தொங்கிப்போனது. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. கீழே, தனியாய் வேலைக்கு வந்த ஆண்கள் சேர்ந்து தங்கும் பேச்சிலர் ரூமில் இருக்கும் கார்மேகம், கையில் போனோடு நின்றான்.

வதனா முந்திக்கொண்டாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி, இனி ஆடமாட்டம்."

"ஐயோ, நிறுத்திடாதீங்கக்கா! அன்னிக்கு நாங்க தாளம்ல போட்டோம்!"

பதறிப்போய் அவன் போனைத் திருப்பிக் காட்டினான். வீடியோ காலில், ஊரிலிருக்கும் அவன் மனைவியும், பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராய் நின்ற மகளும்.

"அப்பா, மேல்வீட்டுல இன்னும் பாட்டுப் போடலியா? நாம எப்ப ஆடுறது?"