அக்காவுக்கு அனுப்பிய போர்வை

விரல் இடுக்குகளில்கூடக் கொப்புளம். அதன்மேல் இளஞ்சிவப்பு மருந்து.

அதனால் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, வாயால் சொல்லியே எழுதினான்.

"அம்மா, கதிரேசன் கொண்டுவர்ற பையைத் திறக்காதீங்க. அக்கா தொடவே கூடாது."

ஒற்றைக் குறிதான் விழுந்தது. போய்ச் சேரவில்லை.

சிங்கப்பூரில், தொழிலாளர் விடுதியின் தனியறை. மதிய வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி வரவில்லை.

அக்காவுக்கு எட்டாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு போர்வை வாங்கியிருந்தான். குத்துமோ என்று பார்க்க, ஓர் இரவு அதைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்கினான்.

காலையில், ஊருக்குக் கிளம்பிய அறைத்தோழன் கதிரேசனிடம் கொடுத்தனுப்பினான். அவனுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டது.

சாயங்காலம் இவன் நெற்றியில் முதல் முத்து.

செவிலியர் கோமளா மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதுகைப் பார்த்தார்.

"சிஸ்டர், துணிக்குள்ள இந்த அம்மைக் கிருமி எத்தனை நாள் உயிரோட இருக்கும்?"

"உயிரா? அதுக்கா?" சிரித்தார். "அதுக்குப் பசிக்காது தம்பி. மூச்சு விடாது. தானா ஒரு குட்டி போடக்கூடத் துப்பில்ல. நம்ம உடம்புக்குள்ள பூந்தாத்தான் ஆட்டமெல்லாம். வெளிய கெடந்தா வெறும் தூசி."

"அப்ப செத்துருமா?"

"சாகணும்னா மொதல்ல வாழ்ந்திருக்கணும்ல? வெயில்ல போடச் சொல்லு. ரெண்டு மூணு நாள்ல அதுவே ஒடைஞ்சு போயிரும்."

அதையும் வாயாலேயே எழுதினான். பசிக்காது. மூச்சு விடாது. வெயிலில் போடுங்கள்.

இப்போதும் ஒற்றைக் குறி.

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கன்னத்தைச் சொறியவில்லை.

நான்கு மணிக்கு அம்மாவின் குரல்பதிவு வந்தது.

"சார்ஜ் இல்லாமக் கெடந்துச்சுடா போனு. உனக்கு முத்துப் போட்டுருக்குன்னு உங்க ரூம்காரங்க சொன்னாங்களாம், கதிரேசன் நேத்துப் பையக் குடுக்கையிலேயே சொல்லிட்டான். பையைப் பிரிக்கவே இல்ல. வேப்பங்கொழையச் சொருகி மொட்டைமாடியில போட்டுருக்கேன். உங்கக்காவ மாடிப்படிகிட்டயே விடல. ஆத்தாவப் போயி உயிரில்ல, பசிக்காதுன்னுலாம் சொல்லாத, கன்னத்துல போட்டுக்க. நீ மூணாம் தண்ணி ஊத்துற வரைக்கும் இங்க தாளிப்புக் கெடையாது. ரசத்துக்குக்கூட."

அம்மா அங்கே, சாத்தூரில். நடுவில் ஒரு கடல்.

அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மெதுவாக, கொப்புளம் உடையாமல்.

வாளித் தண்ணீரை மூன்றாம் முறை தலைக்கு ஊற்றியது பத்தாம் நாள். அவனுக்கு வேப்பிலை கிடைக்கவில்லை. கோமளா எங்கிருந்தோ ஒரு கொத்து கொண்டுவந்து வாளியில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

பக்குகள் உதிர்ந்திருந்தன. விரல்கள் மறுபடி அவனுடையவை. ஆனாலும் வாயால்தான் எழுதினான்.

"ஊத்திட்டேன்மா."

பதில் வந்தது. பதினொரு நொடி.

முதலில் பேச்சில்லை. எண்ணெய் காயும் ஓசை. ஒரு கடுகு வெடித்தது. பிறகு எல்லாம்.

தூரத்தில் யாரோ தும்மினார்கள்.

"யம்மா, மிளகாயக் கொறச்சுப் போடு! உள்ள இருக்குறவனும் எத்துறான்!" அக்கா.

அவன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

பத்து நாளில் முதல்முறையாக, அவனுக்குப் பசித்தது.