சின்னப் புள்ள கேட்டால்

கல்முனைக் கடலரிப்புக் கூட்டத்தில், புதிதாக வந்த அதிகாரிக்கு ஒரு சிறுமி பேசும் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள்.

"எனக்குப் பத்து வயசு, சேர். நான் பெரிய மனுசியாகக்குள்ள இந்தக் கரை இரிக்குமா? கடல மறிச்சுக் கல்லணை போட்டுத் தாங்க."

கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த பஸ்மியாவுக்கு அதில் ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம். சிறுமிக்குப் பின்னால் தெரிந்த, இறந்தவர்களை அடக்கும் மையவாடியின் மதிலைக் கடல் கொண்டுபோய் எத்தனையோ வருடமாகிவிட்டது.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சின்னப் புள்ள கேட்டாத்தான் மேலிடம் இரங்கும். அந்தப் புள்ளயக் கூட்டி வாங்க, கொழும்புக்கே கொண்டு போவம்."

பஸ்மியா எழுந்தாள். "நான்தான் சேர் அந்தப் புள்ள."

அதிகாரியின் முகம் சுருங்கியது. சற்று யோசித்தவர், அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"இவ எப்ப கதைக்கத் தொடங்குவா?"